பெயரோடு கொடுத்தது

மகன்கள் இருவரும் பிரான்சு அணிக்கு ஆடுவது எந்தத் தந்தைக்கும் பெருமைதான். ஆனால் லிலியன் துராம் பெருமைப்பட அதைவிடப் பெரிய காரணம் உண்டு என்கிறோம் நாம்.

குவாதலூப் தீவில் பிறந்தவர் துராம். ஒன்பது வயதில் பாரிசுக்கு வந்து, பள்ளியில் கேலிக்கு ஆளானபோதுதான் தான் 'கறுப்பன்' என்றே தெரிந்தது என்பார். 1998 உலகக்கோப்பை அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்துப் பிரான்சை வெல்ல வைத்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற 2008இல், இனவெறிக்கு எதிரான கல்விக்காக அறக்கட்டளை தொடங்கினார்.

மூத்தவருக்கு கறுப்பின விடுதலைத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் பெயர். இளையவர் கெஃப்ரெனுக்கு எகிப்திய மன்னரின் பெயர். அடிமை வாணிபத்துக்கு முன்பே நமக்கு வரலாறு உண்டு என்று சொல்லும் பெயர்கள் அவை.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட அதே வாரம், ஜெர்மனியில் கோல் அடித்த மார்க்கஸ் மைதானத்திலேயே மண்டியிட்டார். 2024 தேர்தலில், தீவிர வலதுசாரிகள் வெல்லாதபடி போராட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்.

"பேர் வாங்கிவிட்டாய், இனி வாயைத் திறக்காதே" என்பதே பல பெற்றோரின் அறிவுரை. அந்த அச்சம் நமக்குப் புரியும். நாமும் பிள்ளைகளுக்கு அம்பேத்கர் என்று பெயர் வைக்கிறோம். தோழர்களே, அவர் கேட்ட கேள்விகளையும் சேர்த்தே கொடுப்போம்.