மாத்திரையும் மதிய உணவும்

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறுங்கால் தம் பொட்டாசிய வாயில்களை அடைத்து, மின்னலைகளை எழுப்பி, அவற்றின் தாளத்திற்கேற்பக் கால்சியத்தை உள்ளேற்று, அதன் தூண்டுதலால் இன்சுலினை விட்டுவிட்டு வெளியிடுகின்றன. இம்மின் சலனத்தை 1968-இல் டீன், மாத்யூஸ் என்னும் விஞ்ஞானிகள் பதிவு செய்தனர். சர்க்கரை தணிந்தால் தாளமும் ஓய்வது இயற்கையின் நியதி. நீரிழிவுக்குத் தரப்படும் கிளிபென்கிளமைடு மாத்திரையோ, உண்டோமா இல்லையா என்று பாராமல் அதே வாயிலை அடைத்துவிடுகிறது.

கோவில்பட்டிக் கரிசற் காட்டுக்கு விடியலிலேயே களையெடுக்கச் செல்லும் பெண்ணும், தீப்பெட்டி ஆலையில் எண்ணிக்கைக்குக் கூலி பெறுவதால் உணவைத் தள்ளிப்போடுபவரும், இம்மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து, கை நடுங்கி, உடல் வியர்த்து, மூர்ச்சையுறும் அபாயம் உண்டு. அதை வெயிலின் களைப்பென்று எண்ணி நிழலில் கிடத்திவிட்டுப் போவது பேராபத்து. ஊருக்குப் பெருமை தரும் கடலைமிட்டாயும் அவ்வேளைக்கு உகந்ததன்று; நிலக்கடலையின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவோடிருப்பவருக்குச் சர்க்கரை கரைத்த நீரே உடனடி அவசியம்.

2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடுதேடி மாத்திரை கொண்டுவருவது போற்றத்தக்கது. மாத்திரை தருவோர், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். ஆலை நடத்துவோர் உணவு வேளையைக் கூலி குறையாமல் நிச்சயித்துத் தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.