ரம்பத்துக்கு லைசென்ஸ் கேட்ட நாடும், ஒன்றுமே கேட்காத நாமும்

கொஞ்சம் நீளமான பதிவு இது, பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. திட்டணும்னு தோணினா, படிச்சு முடிச்சிட்டு திட்டுங்க.

தீமிதிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான கேள்வி வந்தாச்சு: "இந்த வருஷம் கட்டை யார் வெட்டுறது?" ஒருத்தர் பதில் போட்டார்: "போன வருஷம் மாதிரியே செஞ்சிடலாம்." பதினைந்து பேர் அதுக்குக் கட்டைவிரல் காட்டினாங்க.

போன வருஷம் மாதிரியே செய்யக்கூடாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கோயிலில் பல வருஷம் தொண்டு செய்த அண்ணன் ஒருவர், தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இப்போது தென் தாய்லாந்தில் குடியிருக்கிறார். அண்ணியோட குடும்பத்துக்கு அங்கே ரப்பரும் டுரியானும் கலந்த தோட்டம். ஒரு மழைக்காலத்தில் பெரிய மரம் ஒன்று அவங்க கொட்டகை மேல் சாய்ந்துவிட்டது. செய்தி கேட்டதும் நாங்க நாலு பேர் கிளம்பினோம். எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை ஹட்யாய் போறவங்கதானே. "கவலைப்படாதீங்கண்ணே, கோயில் செயின்சாவையே எடுத்துக்கிட்டு வர்றோம்"னு போனில் சொன்னோம்.

அண்ணன் பதறிப்போய்ட்டார். "ஐயோ வேணாம்பா! அதை மட்டும் பார்டர்ல கொண்டுவந்துடாதீங்க. இங்க செயின்சாவுக்கு லைசென்ஸ் வேணும். இல்லாம உள்ள கொண்டு வந்தா உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ்."

நாங்க சிரிச்சோம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேள்விப்பட்டிருக்கோம், ரம்பத்துக்கா? ஆனால் அது உண்மை. தாய்லாந்தில் 2002இல் செயின்சாவுக்கு என்றே தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து கொண்டு வரணும்னாலும் அனுமதி, வீட்டில் வெறுமனே வைத்திருக்கணும்னாலும் அனுமதி. அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே ஐந்து வருஷம் வரை சிறை, இல்லாவிட்டால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம், இல்லை இரண்டும். மரத்தை வெட்டியிருக்க வேண்டும் என்றில்லை, கொட்டகையில் ரம்பம் இருந்தாலே போதும். அங்கே கடைகளில் 11.5 அங்குலம் என்று போட்டுச் சின்ன ரம்பமாக விற்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. 12 அங்குலத்தைத் தாண்டினால்தான் லைசென்ஸ் பேச்சே வருகிறது.

போய்ப் பார்த்தபோது, மாநில இயற்கை வள அலுவலகத்துக்குப் போக அண்ணியும் அண்ணனும் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நிலப் பட்டா நகல், வீட்டுப் பதிவுப் புத்தக நகல், ரம்பத்தின் விவரம், எதற்காக வேண்டும், எந்த இடத்தில் வெட்டப் போகிறோம் என்ற விளக்கம். எல்லாம் அண்ணி பேரில்தான். வெளிநாட்டுக்காரர் பேரில் அங்கே பொதுவா நிலம் வாங்க முடியாது. நிலம் யார் பேரிலோ, விண்ணப்பமும் அவர் பேரில். அனுமதிச் சீட்டில் எந்த ரம்பம், எந்த இடம் என்று எழுதியிருக்குமாம். அந்த இடத்தை விட்டு வெளியே எடுத்துப் போய் வெட்ட நினைத்தால் மறுபடியும் கேட்க வேண்டும்.

எங்களில் ஒருவர் வழக்கம்போல ஆரம்பித்தார்: "இதுக்கெல்லாமா அலையுறீங்க? பக்கத்துல யாருகிட்டயாவது கொஞ்சம் காசு கொடுத்து ஒண்ணு வாங்கிடலாமே." அண்ணன் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "தம்பி, இந்த ஊர்க்காரன் மாட்டினா அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவான். நான் மாட்டினா விசா போகும். விசா போனா குடும்பம் இங்க, நான் அங்க. ஒரு ரம்பத்துக்காக அதைப் பணயம் வைக்கச் சொல்றியா?"

அந்த மரத்தைக் கடைசியில் வெட்டியது லைசென்ஸ் உள்ள பக்கத்துத் தோட்டக்காரரை முறைப்படி வரவழைத்துத்தான். அதுவரை இரண்டு வாரம் கொட்டகை மேலேயே மரம் கிடந்தது. நாங்க கட்டை தூக்கினோம், சமைத்தோம், அவ்வளவுதான்.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்பதையும் அண்ணி சொன்னாங்க. 1988 நவம்பரில் அந்தப் பக்கம் பேய்மழை. நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் கத்தூன் என்ற ஊர். மேலே மலைச்சரிவில் காட்டை அழித்து ரப்பர் போட்டிருந்தார்கள். இளம் ரப்பர் வேரால் அந்த மண்ணைப் பிடித்து வைக்க முடியவில்லை. மலை சரிந்து, மண்ணோடு ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து ஊர் மேல் விழுந்தன. 200க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இரண்டே மாதத்தில், 1989 ஜனவரியில், இயற்கைக் காடுகளில் மரம் வெட்டும் குத்தகையை நாடு முழுக்க அரசாங்கம் நிறுத்தியது. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு, சரிவில் ரப்பர் போட்டால் மழையில் மண் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தடை போட்டும் கள்ளத்தனமாக வெட்டுவது நிற்கவில்லை. காடு பெரிது, காவலர் கொஞ்சம். மரம் விழும் நேரத்தில் அங்கே நின்று பிடிக்க யாரால் முடியும்? அதனால்தான் ரம்பத்தையே பிடித்தார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்தில் வளர்ந்த தேக்கு மாதிரி மரங்களை நில உரிமையாளரே வெட்டிக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். அப்போதும் ரம்பத்துக்கான லைசென்ஸை எடுக்கவில்லை.

"கள்ள மரம் வெட்டுறவன் போய் பாரம் நிரப்புவானா? நேர்மையானவன்தானே அலையுறான்" என்று நீங்க கேட்கலாம். நாங்களும் கேட்டோம். நியாயமான கேள்விதான், அந்த அலைச்சல் உண்மைதான். ஆனால் அந்த அலைச்சலில் ஒரு நல்லது இருக்கிறது. ரம்பம் கையில் வருவதற்கு முன்னாலேயே மூன்று கேள்விக்கு ஒருத்தர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எதற்கு? எங்கே? யார் பொறுப்பு?

இப்போது நம் கோயிலுக்கு வருவோம்.

நம்ம செயின்சா வாங்கிய அன்று கடையில் காசு கொடுத்தோம், பெட்டியைக் கொடுத்தாங்க. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது ஸ்டோர் ரூமில் எண்ணெய் டின்னுக்கும் நாற்காலிக்கும் நடுவில் கிடக்கிறது. சாவி ஆணியில் தொங்குது. யார் வேணும்னாலும் எடுக்கலாம். யார் எடுத்தார் என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

போன வருஷம் தீமிதிக்குக் கட்டை வெட்டியது யார் என்று பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இருந்து வேலை அனுமதியில் வந்து நம் மடப்பள்ளியில் இருந்த தம்பிதான். அவர் வந்தது சமையலுக்கு. நாங்கதான் "தம்பி, கொஞ்சம் கட்டை வெட்டிக்கொடு"ன்னு ரம்பத்தைக் கையில் கொடுத்தோம். அதற்கு முன் செயின்சாவைத் தொட்டது இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்க கேட்டிருப்போமா என்பதும் தெரியவில்லை. பாஸ்போர்ட்டில் நம் கோயில் பேரில் அனுமதி முத்திரை வைத்திருக்கிறவர் நமக்கு எப்படி முடியாது என்று சொல்வார்?

ரம்பத்தின் நுனி, அதுவும் மேல் பக்க நுனி, பக்கத்துக் கட்டையில் பட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் நம்மைப் பார்த்து எகிறும். பழகினவங்களுக்கு இது முதல் பாடம். எங்களில் யாரும் அதை அவருக்குச் சொல்லித்தரவில்லை. எகிறிய ரம்பம் இடது தோளில் பட்டது. ஹெல்மெட் இல்லை, கையுறை இல்லை, காலில் சிலிப்பர். கழுத்துக்கு நாலு விரல் தள்ளிப் பட்டதால் உயிரோடு இருக்கிறார். 19 தையல்.

இதைவிட வெட்கமானது அடுத்து நடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். எங்களில் ஒருவர் முந்திக்கொண்டு, "ரூம்ல கண்ணாடி ஜன்னல் மேல விழுந்துட்டான்"னு சொன்னார். மற்றவங்க சும்மா நின்றோம். டாக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி எங்களைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

ஏன் சொன்னோம்? கோயில் பேர் கெட்டுவிடுமே என்று பயந்தோம். சமையலுக்கு வந்தவரை மரம் வெட்ட விட்டது பிரச்சினையாகுமே என்று பயந்தோம். ஆனால் அந்தப் பொய்யால் நஷ்டப்பட்டது கோயில் இல்லை. 2019 ஜனவரியில் இருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோ பாதுகாப்பு இருக்கிறது. அந்தத் தம்பிக்கும் மாதாமாதம் சந்தா கட்டியிருந்தோம். வேலையில் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்திருந்தால் சட்டப்படி அவருக்கு உரியதைக் கேட்டிருக்கலாம். ரூமில் விழுந்தார் என்று சொல்லி அந்தக் கதவை நாமே சாத்தினோம். நாலு பேர் கைக்காசு போட்டு அவர் கையில் கொடுத்து மனசைத் தேற்றிக்கொண்டோம். அவர் அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அன்னதானத்துக்குப் பெரிய அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குவாரே, அந்தக் கை இப்போது தோளுக்கு மேல் எழவில்லையாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நம் அண்ணன் ஒரு வெளிநாட்டுக்காரர். இந்தப் பக்கம் இந்தத் தம்பி ஒரு வெளிநாட்டுக்காரர். அண்ணனை அங்கே ரம்பத்தைத் தொடவிடாமல் தடுத்த விதியைப் பார்த்து நாம் சிரித்தோம். தம்பியை இங்கே எந்த விதியும் வந்து தடுக்கவில்லை. நாம்தான் இருந்தோம், நாமும் தடுக்கவில்லை.

"கோயில் வேலைக்கு எதுக்கு இத்தனை கட்டுப்பாடு? அம்மா பார்த்துப்பா" என்று சில பெரியவங்க சொல்றாங்க. மன்னிக்கணும். பூக்குழியில் இறங்குகிறவரை நாம் அப்படியே இறக்குகிறோமா? விரதம் இருந்தாரா, காப்பு கட்டினாரா என்று கேட்கிறோம். பெயர் எழுதுகிறோம், வரிசை போடுகிறோம், பால் குழி வைக்கிறோம், ஆம்புலன்சும் நிற்கிறது. நெருப்பில் இறங்க இத்தனை கேள்வி கேட்கிற நாம், அந்த நெருப்புக்குக் கட்டை வெட்டுகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை.

அதனால் நிர்வாகத்திடம் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்:

1. செயின்சாவை எடுக்க இரண்டே பேருக்கு அனுமதி. இருவரும் முறையாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். சாவி அவர்களிடம் மட்டும்.

2. ஒரு நோட்டுப் புத்தகம். எதற்கு, எங்கே, யார், எத்தனை மணிக்கு எடுத்தார், எப்போது வைத்தார்.

3. ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், கையுறை, கால் கவசம், பூட்ஸ். இது இல்லாமல் ரம்பம் ஸ்டார்ட் ஆகக்கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தனியாக வெட்டக்கூடாது.

4. வேலை அனுமதியில் வந்தவங்க, குருக்களோ மடப்பள்ளித் தம்பியோ மேளக்காரரோ, அவங்க எதற்கு வந்தாங்களோ அந்த வேலை மட்டும். அன்பா கேட்டாலும் அவங்களுக்கு அது உத்தரவுதான்.

5. நிற்கிற மரத்தைத் தொடுவதற்கு முன் நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்று நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. பட்டுப்போன மரத்துக்கும் உடனே ஆபத்து உள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. நம் அரசமரத்தை டேப் வைத்து அளக்கவே வேண்டியதில்லை, நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற மரம்.

6. கடைசியாக, முக்கியமாக: ஊருக்குப் போன தம்பியிடம் கோயில் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதி, அன்று அங்கே இருந்த நாங்களே கையெழுத்துப் போட்டு, பெர்கேசோ அலுவலகத்துக்கு நேரில் கொண்டு போகிறோம். அங்கே வழியில்லை என்று சொன்னால், அவர் வைத்தியச் செலவைக் கோயில் ஏற்க வேண்டும்.

ஆறாவது கோரிக்கையால் கோயிலுக்குக் கெட்ட பேர் வரும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வரட்டும். அந்தப் பேர் நாங்க சம்பாதிச்சது.

இந்த ஞாயிறு கூட்டத்துக்கு வாங்க. எதிர்க்கருத்து இருந்தாலும் வந்து முகத்துக்கு நேரா சொல்லுங்க. அதுவரைக்கும் ஸ்டோர் ரூம் சாவி ஆணியில் தொங்காது. எங்களிடம் இருக்கிறது. கட்டை வெட்டுவதற்கு ஆளும் நாளும் முடிவான பிறகுதான் அது வெளியே வரும்.

அம்மன் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆலயத் தொண்டர்கள்