கடல்கோளும் ஈமானும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய நம் ஊர்களின் கரையோரத்தைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அன்று தொடங்கிய வாதம் ஒன்று இன்னும் ஓயவில்லை. இறைவனின் சோதனை என்பார் ஒருவர். கடலடிப் பாறைத் தட்டுகளின் பெயர்ச்சி என்பார் மற்றவர்.

இருவரும் ஒரே கேள்விக்கு விடையிறுப்பதாக எண்ணிக்கொள்வதுதான் பிழை. அலை எவ்வாறு எழுந்தது என்பது ஒன்று. உற்றாரை இழந்தவன் அதனை எவ்வாறு தாங்குவது என்பது வேறொன்று. முன்னதற்குச் சமயம் விடை கூறப் புகுமாயின் கேடே விளையும். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரே அலை நம் கரையை எட்டியது. அத்தனை நேரமும் வீணாயிற்று! பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இல்லை. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் அதே திசையில் மீண்டும் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் விலகிச் சென்றனர். (பேரலை எழவில்லை என்பது வேறு விடயம்.) விதியென்று சொல்லி அமர்ந்திருந்தால் அந்த ஏற்பாட்டை யார் செய்திருப்பர்?

எனினும், நம்பிக்கையைச் செருப்பைப் போல ஆராய்ச்சிக்கூட வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பாருடனும் எனக்கு உடன்பாடில்லை. 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னுஷ் ஷாதிர். அவரை வானை நோக்கச் செய்தது தொழுகை. ஆனால் சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணிதமோ, பிற்காலத்தில் கத்தோலிக்கரான கொப்பர்னிக்கஸ் கையாண்ட கணிதத்தோடு அமைப்பில் ஒன்றாயிருக்கிறது. சமயம் மாறிற்று, கணக்கு மாறவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1979இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைக் கிளாஷோவுடன் பகிர்ந்துகொண்ட அப்துஸ் சலாமும் வைன்பர்க்கும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே கோட்பாட்டை அடைந்தவர்கள். சலாம் இறைநம்பிக்கையில் ஊறியவர். வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். அச்சமன்பாடுகளைப் பார்த்து, தொழுதவர் எழுதியது எது, தொழாதவர் எழுதியது எது என்று எவரேனும் பிரித்துக் காட்டுவாரா?

ஆகவே, கடல் ஏன் ஊருக்குள் வந்தது என்று நம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால், ஆசிரியர் கரும்பலகையில் தட்டுகளை வரைந்தே காட்டட்டும். அவன் குடும்பத்தவர் எவரேனும் அக்கடலோடு போயிருந்தால், பாடம் முடிந்தபின் அவனருகே அமர்ந்து வேறு விதமாகவும் பேசட்டும். அப்பேச்சைப் பாடக்குறிப்பில் எழுத வேண்டியதில்லை.