பதிவேட்டில் சேர வேண்டிய பெயர்கள்



பள்ளி திறக்கும் இந்த நாட்களில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். “அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளை இருக்காம்மா?” என்று கேட்டால், பல வீடுகளில் பிள்ளையே இல்லை, இருக்கும் பிள்ளையையும் தனியார் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரியாக 1.8 மட்டுமே. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

அதே ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், செங்கல் சூளைகளுக்கும், கட்டட வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளுக்குப் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் கேட்பதை அம்மாவுக்கு இந்தியிலும், அம்மா சொல்வதை அவருக்குத் தமிழிலும் சொல்லிக்கொண்டு ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை நடுவில் நிற்கும்.

“பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை, சேர்க்க மாட்டார்கள்” என்று தயங்கும் பெற்றோர் பலர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அந்தத் தயக்கத்துக்கு இடமே வைக்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கே போகாத ஒன்பது வயதுப் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் உட்காரவைத்து, தனிப் பயிற்சியும் தர வேண்டும். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பெரிய ஆறுதல்.

இந்தப் பிள்ளைகளைச் சேர்ப்பதில் பள்ளிக்கும் நன்மை உண்டு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61ஆவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு வழி பிறக்கும் என்பது சட்டம் வகுத்த கணக்கு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அவர்தான் ஆசிரியர்.

உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் மணலில் விளையாடும் பிள்ளையைப் பார்த்தால், அதன் பெற்றோரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பக்கத்துப் பள்ளிக்கு அவர்களோடு நீங்களும் போய் வாருங்கள். மொழி தெரியாத ஊரில், உடன்வர ஓர் ஆள் இருப்பதே அவர்களுக்குப் பெரிய தைரியம்.

அன்புடன்,
ஆசிரியர்