அடுப்படிப் பேச்சு: இனிப்பும் காரமுமாய் ஒரு வெங்காய ஊறல்

ஊறுகாய் என்றாலே நம்மில் பலருக்கு மலைப்பு. மாங்காய்க்குச் சீசன் பார்க்க வேண்டும், எலுமிச்சைக்கு வெயில் பார்க்க வேண்டும், ஜாடிக்கு வெள்ளைத் துணியால் வேடு கட்ட வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு இதெல்லாம் நடக்கிற காரியமா? அப்படிப்பட்ட சகோதரிகளுக்காகத்தான் இந்த இதழில் சின்ன வெங்காயத்தை எடுத்துக் கொண்டிருக்கிறேன். இன்று மாலை போட்டால் நாளை மதியம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக் கொள்ளலாம். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். வெயிலும் வேண்டாம்.

கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக் கொள்ளுங்கள். திண்டுக்கல், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருகிற, செக்கச்செவேலென்ற கெட்டி வெங்காயமாக இருந்தால் நல்லது. முளை விட்டது, அமுக்கினால் நெகிழ்கிறது எல்லாம் சாம்பாருக்குக் கூட ஆகாது, இதற்கு வேண்டவே வேண்டாம். உரிப்பதுதான் பெரிய வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். (வீட்டில் சும்மா பேப்பர் படிக்கிற ஆண்பிள்ளைகள் யாராவது இருந்தால் முறத்தோடு அவர்கள் முன்னால் வைத்து விடுங்கள். கொஞ்சம் அழட்டுமே!) உரித்ததை இரண்டாக நறுக்கி, ஈரம் போகத் துணியில் பரப்பி வையுங்கள்.

ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் வினிகர் ஒரு டம்ளர், தண்ணீர் அரை டம்ளர், சர்க்கரை மூன்று மேஜைக் கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. அடுப்பில் வைத்து, சர்க்கரை கரைந்து ஓரத்தில் ஒரு கொதி வந்ததும் இறக்கி விடுங்கள். நின்று கொதிக்க விட்டால் வினிகரின் நெடி மூக்கைத் துளைக்கும், குழந்தை இருமும். சூட்டோடு நான்கு குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அரைத் தேக்கரண்டி கடுகு, ஆறேழு மிளகு, தோல் சீவி மெல்லிசாக நறுக்கிய இஞ்சி ஒரு துண்டு சேருங்கள். காரம் தூக்கலாக வேண்டுமென்றால் மிளகாயை விதையோடு போடலாம், குழந்தைகள் சாப்பிடுகிற வீடானால் விதையை உதறி விடுங்கள்.

வெந்நீரில் கழுவிக் காய வைத்த கண்ணாடி பாட்டிலில் வெங்காயத்தைப் போட்டு, சூடு சற்றுத் தணிந்த வினிகரை அதன் மேல் ஊற்ற வேண்டும். பாட்டிலுக்குள் ஒரு ஸ்டீல் ஸ்பூனை நிறுத்தி, அடியில் மடித்த துணி ஒன்றைப் போட்டு ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடுவது குறையும். வெங்காயம் முழுவதும் முங்கி இருக்க வேண்டும். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் திறந்து பாருங்கள், ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும். சிவப்பு வெங்காயத்தின் தோலோரத்தில் உள்ள நிறப்பொருள் புளிப்புப் பட்டால் அப்படி மாறும். வடக்கத்தி ஹோட்டல்களில் ரொட்டியோடு தருகிறார்களே, அந்தச் சிவப்புக்கு ஒரு துண்டு பீட்ரூட் போடுவதும் உண்டு. நமக்கு அதுவும் தேவையில்லை, கலர்ப்பொடி அறவே கூடாது.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா? போடலாம். மண் இருக்கும், வடிகட்டிக் கொள்ளுங்கள். ருசி ஆழமாக இருக்கும், ஆனால் அந்த ரோஜா நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். எனக்கு அடைக்குத் தொட்டுக் கொள்ள வெல்லம் போட்டதுதான் பிடிக்கும். வெல்லமானால் நீரிழிவுக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. வெல்லமும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு. அவர்களுக்குச் சர்க்கரையைக் குறைத்துத் தனியாக ஒரு சின்ன பாட்டில் போட்டுவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எங்கள் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மாடியேறி வந்தாள். "அக்கா, ரொம்பப் புளிக்குது. பாதிக்கு மேல தண்ணி ஊத்திடட்டுமா? தம்பி ஹாஸ்டலுக்கு ஒரு பாட்டில் குடுத்து விடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"தண்ணி ஊத்தாதேம்மா, ஹாஸ்டலுக்கும் அனுப்பாதே" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொன்ன பிறகுதான் தெளிந்தாள்.

மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் கூடவே பிறந்த புளிப்பு உண்டு. அதோடு நாம் கை நிறைய உப்பும் போடுகிறோம். அதனால்தான் அவை அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் உட்கார்ந்திருக்கின்றன. வெங்காயத்துக்கு அப்படிச் சொந்தப் புளிப்புக் கிடையாது. நாம் போடும் உப்பும் கொஞ்சம்தான். இதற்குக் காவல் வினிகர் ஒன்றுதான். கடையில் கிடைக்கிற வினிகரில் புளிப்பு அமிலம் பெரும்பாலும் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு. லேபிளில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். அதில் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் கிருமிகள் வளர நாமே கதவைத் திறந்து விட்டதாகும். அதுவும் மூடி இறுகிய பாட்டிலில், வெளியில் பல நாள் வைத்தால் கேட்கவே வேண்டாம். கெட்டது எப்போதும் நாறும் என்று நினைக்காதீர்கள். வாசனையிலும் ருசியிலும் ஒரு மாறுதலும் காட்டாமலே விஷமாகிற உணவும் உண்டு.

ஆகவே புளிப்பு அதிகம் என்று தோன்றினால் சர்க்கரையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் நாக்குக்கு இதமாகிவிடும், வினிகரின் பலமும் குறையாது. அதற்குப் பிறகும் புளித்தால், சாப்பிடும்போது தட்டில் எடுத்து ஒரு தரம் நீரில் அலசிக் கொள்ளுங்களேன்.

ஃபிரிட்ஜில் வைத்தாலும் பத்து நாளைக்குள் காலி செய்துவிட வேண்டும். ஈரக் கரண்டி, எச்சில் கை கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடானால் ஒரு கைப்பிடி வெங்காயத்தைக் காலையில் போட்டு இரவு சாப்பாட்டோடு முடித்து விடுங்கள். அவசரத்துக்குப் பல்லாரி வெங்காயத்தை மெல்லிய வளையமாக நறுக்கிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். ஹாஸ்டல் பிள்ளைக்கு? நிறையப் புளியும் நல்லெண்ணெயும் விட்டு, சுருளச் சுருள வதக்கிய தொக்கு செய்து கொடுங்கள். அதையும் சிறு பாட்டிலாகக் கொடுத்து, சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் செய்தாள்.

பாத்திர விஷயத்தில் கவனம். பித்தளை, அலுமினியம், ஈயம் பூசியது எதிலும் வினிகரைக் காய்ச்சவோ வைக்கவோ கூடாது, உலோகத்தை அரிக்கும். மெருகு உதிர்ந்த பழைய பீங்கான் ஜாடியும் வேண்டாம். இன்னொன்று, வினிகருக்குப் பதிலாகக் கெட்டியான அசிட்டிக் ஆசிட் வாங்கி வீட்டிலேயே நீர் கலந்து கொள்வது சிக்கனம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக் கொள்ளாதீர்கள். அது தோலையும் தொண்டையையும் வேக வைத்துவிடும். பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும், ஓடியாடும் குழந்தை உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை. சாதாரண வினிகரைக் கூட லேபிள் கிழியாமல் உயரத்தில் வையுங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு உப்பு, சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம், இதுவும் அதில் சேர்த்தி. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொடியாக நறுக்கித்தான் தர வேண்டும். வழுவழுப்பான வெங்காயம் தொண்டையில் அடைத்துக் கொள்ளும். கர்ப்பிணிகளுக்கு மசக்கை வாய்க்கு இது நன்றாக இருக்கும். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், வயிற்றுப் புண்காரர்கள் ஒதுக்கி விடுவதே நல்லது. ரத்தக் கொதிப்புள்ள மாமனார் மாமியாருக்கு மாவடுவை விட இது மேல். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நாம் ஒரு பாட்டிலுக்கே ஒரு தேக்கரண்டிதான் போட்டிருக்கிறோம், அதிலும் நிறையப் பங்கு நீரிலேயே தங்கிவிடும். ஆகவே பெரியவர்களுக்கு வெங்காயத்தை மட்டும் எடுத்து வையுங்கள், சாற்றை ஊற்ற வேண்டாம்.

சாப்பிட்டதும் வாயை நீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். புளிப்புப் பட்ட பல்லை உடனே பிரஷ்ஷால் தேய்க்காமல் சற்றுப் பொறுத்துத் தேய்ப்பது எனாமலுக்கு நல்லது.

வெங்காயம் தீர்ந்ததும் மிஞ்சிய சாற்றில் புதிதாக வெங்காயம் போட்டு விடாதீர்கள். முதல் தரத்திலேயே வெங்காயத்தின் நீர் இறங்கி அதன் பலம் குறைந்திருக்கும். அந்தப் பத்து நாளைக்குள்ளேயே, நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய காரட் மீது இரண்டு கரண்டி தெளித்துப் பிசறிப் பாருங்கள், அன்றைய சப்பாத்திக்குக் குருமா கூட வேண்டியிருக்காது.