ஒன்றைக் கூட்டும்போது தொலையும் இலக்கங்கள்

மட்டக்களப்பு வாவியின் ஆழத்தைத் தோணியில் சென்று அளக்கும் சிறு கருவியொன்றுக்கு நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். செய்மதி வாங்கி தரும் நெட்டாங்கை அது கிழக்குத் தூரமாக மாற்ற வேண்டும். யூடிஎம் ஆள்கூற்று முறையில் 44ஆம் வலயத்தின் மத்திய நெட்டாங்கு 81 பாகை. வாவிக்குக் குறுக்கேயுள்ள கல்லடிப் பாலம் அதற்குக் கிழக்கே சுமார் 0.7 பாகையில் நிற்கிறது. புவியைக் கோளமாகக் கொண்டால், அகலாங்கின் கோசைனையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் சைனையும் பெருக்க வருவது 0.0121 அளவில் இருக்கும். அதன் நேர்மாறு அதிபரவளைவுத் தான்சனை, அதாவது 'அடான்எச்'சை, புவியின் ஆரையால் பெருக்கினால் ஏறக்குறைய 77 கிலோமீற்றர்.

பாடநூல் இந்தச் சார்புக்கு ஒரு மடக்கையைத் தருகிறது: ஒன்றோடு எண்ணைக் கூட்டியதை, ஒன்றிலிருந்து எண்ணைக் கழித்ததால் வகுத்து, மடக்கையில் பாதி. கணிதத்தில் குறையில்லை, குறை 32 பிட் மிதவைப் புள்ளியில்தான். அங்கே 1ஐத் தாண்டிய அடுத்த எண் 1.00000012. ஆகவே 0.0121இன் கடைசி இலக்கங்கள் கூட்டும்போதே உதிர்ந்துவிடும். மடக்கை அவற்றை மீட்டுத் தராது. தோணி மெல்ல நகரும், கணக்கிலோ 37 சென்ரிமீற்றர் படிகளில் தாவும். மத்திய நெட்டாங்கிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் விடை வெறும் பூச்சியம்.

எண்ணின் இருமடங்கை, ஒன்றிலிருந்து எண்ணைக் கழித்ததால் வகுத்து, ஒன்றைக் கூட்டிய மடக்கையை இலக்கம் தொலையாமல் தரும் 'லாக்1பி'யிடம் கொடுத்துப் பாதியாக்குங்கள். கல்லடியில் பிழை ஓரிரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். சன் நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு கணித நூலகம் இந்த வழியில்தான் போகிறது. நேர்மாறு அதிபரவளைவுச் சைனான 'அசின்எச்'சில் அது முதலில் குறியை விலக்கிவைக்கிறது. இல்லாவிட்டால் பெரிய எதிர் எண்களில் அதன் பாடநூல் மடக்கைக்குள் பூச்சியமே மிஞ்சும். சி மொழியின் 1999 தரத்தில் 'அடான்எச்', 'லாக்1பி', 'அசின்எச்' மூன்றும் உள்ளன. பிறகும் சூத்திரத்தைக் கையால் எழுதுவது வீம்பு.

இதை மட்டும் திருத்தினால் போதாது. 81.7 பாகை நெட்டாங்கை 32 பிட்டில் வைத்தாலே படி 84 சென்ரிமீற்றர் ஆகிவிடுகிறது. பல வாங்கிகள் நெட்டாங்கைப் பாகையின் கோடியில் ஒரு பங்காக, முழு எண்ணாகத் தருகின்றன. அதிலிருந்து முதலில் 81,00,00,000ஐக் கழித்துவிட்டுப் பிறகு மிதவைப் புள்ளிக்கு மாற்றுங்கள். 8 பிட் ஆர்டுயினோ ஊனோவில் 'டபுள்' என்று எழுதினாலும் கிடைப்பது அதே 32 பிட்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. உங்கள் 'அடான்எச்'சுக்கு 0.00000001ஐக் கொடுத்தால், அதே எண் திரும்பி வர வேண்டும்.