பல் விளக்கும் பேய்கள்

"இவ்வளவு அருவருப்பான புத்தகமா பிள்ளை படிக்கணும்?" நம்ம வீடுகள்ல அடிக்கடி வரும் கேள்வி இது. ரோல்ட் டாலின் 'தி ட்விட்ஸ்' (1980) பிள்ளை கையில் இருந்தால் நிச்சயம் வரும். கணவனின் தாடியில் பழைய சாப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கும். மனைவியோ அவன் ஸ்பகெட்டியில் புழுவைக் கலந்து வைப்பாள். நாம "சீ" என்கிறோம், பிள்ளை உருண்டு உருண்டு சிரிக்குது.

இது ஏதோ வெளிநாட்டு ரசனை என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே ஜெயங்கொண்டார் 'கலிங்கத்துப்பரணி'யில் இதைச் செய்துவிட்டார். முதலாம் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில், கலிங்கத்தை வென்ற கதை அது. போர் முடிந்ததும் பட்டினி கிடந்த காளியின் பேய்கள் களத்துக்கு வருகின்றன. வந்ததும் என்ன செய்கின்றன தெரியுமா? முதலில் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன! யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. அப்புறம்தான் சமையல். களத்தில் கிடக்கும் பற்கள்தான் அரிசி, போர் முரசு உரல், தந்தம் உலக்கை. கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துப் பரிமாறுகின்றன.

ஏன் சிரிப்பு வருகிறது? பேய்கள் ஒன்றையொன்று ஏவும் விதம் அப்படியே நம்ம வீட்டுக் காலை நேரம்தான். பல் விளக்கிவிட்டுச் சாப்பிட வரும் பேயைப் பார்த்து எவ்வளவு நேரம் பயப்பட முடியும்? இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தப் பற்கள் செத்துப்போன மனுஷங்களுடையவை. பாடியது ஜெயித்த பக்கம். பந்தியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய், சமணப் பேய் என்று தனித்தனியாகக் கேலியும் உண்டு. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் வகுப்பை நம்மில் பலருக்குத் தெரியும். அதுவும் அருவருப்புச் சிரிப்புதான். அங்கே பேயாக்கப்பட்டது டப்பாவைத் திறந்த பிள்ளை.

அதனால புத்தகத்தைப் பிடுங்காதீங்க. கூட உட்கார்ந்து நீங்களும் சிரிங்க. சிரித்து முடித்ததும், "இப்ப நாம யாரைப் பார்த்துச் சிரிச்சோம்?" என்று கேளுங்க. கெட்ட எண்ணம்தான் முகத்தைக் கெடுக்கும் என்று டால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ட்விட் தம்பதியைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதற்குப் பிள்ளையே காரணம் சொல்லும். குருட்டுப் பேயைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். அந்த யோசனைக்கு நேரம் கொடுங்க.

இன்று ராத்திரி பல் தேய்க்க அடம் பிடித்தால், பரணிப் பேய்களின் கதையைச் சொல்லிப் பாருங்க. பற்களை அரிசியாக்கிய கதையை மட்டும் பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்லலாம்.